பாரம் தூக்கும் பெண்கள்

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் படகு திருத்துமிடம் ஒன்றுக்குப் பிரகலாதன் காவலாளி. கரை மண்ணை யாரோ அள்ளுகிறார்கள் என்று முதலாளி சொன்னதிலிருந்து, பையோடு வருகிற எவரையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். ஒரு காலை, தையற்காரி றுக்கியா வெறும் பிளாஸ்ரிக் கான்களோடு வந்து, அவற்றில் மண் நிரப்பிக்கொண்டு போனாள். வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கிறாளாக்கும் என்று நினைத்து அவர் பின்னாலே போனார்.

அவளுடைய வீட்டு வளவுக்குள் நாலைந்து பெண்கள் மண் கான்களைப் பிடித்தபடி குந்தி எழும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தங்கமுத்து, அவருடைய மனைவி. சட்டை தைக்கக் கொடுக்கப் போவதாகத்தான் இத்தனை நாளும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"இதென்ன கூத்து?" என்றார்.

"கிளினிக்கில சொல்லித் தந்ததுதான் அண்ணன்," என்றாள் றுக்கியா. "எலும்பு பலமா இருக்கப் பாரம் தூக்கோணுமாம்."

"விழுந்து கை முறிஞ்ச இவள் பாரம் தூக்கிறதோ? ஆர் சொன்ன கதை?"

"வாளித் தண்ணி தூக்கவே நீங்கள் விடுறீங்களில்லை," என்றாள் தங்கமுத்து. "சும்மா இருந்து இருந்து, கதிரையால எழும்பவும் ஏலாமப் போச்சு. அதுதான் சொல்லாம வந்தனான்."

மண்ணைக் கரையில் திருப்பிக் கொட்டவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திரும்பினார். பெண்கள் மண்ணுக்குப் பதிலாகக் கான்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டார்கள். தங்கமுத்து போவதை அவர் தடுக்கவில்லை, நம்பவுமில்லை. அவள் படியேறும்போது முழங்காலையே பார்த்தார். நித்திரையில் முனகுகிறாளா என்று காது கொடுத்தார். நோவுக்குப் புதுக் குளிசை, மருந்து ஏதும் இருக்கிறதா என்று அலுமாரியையும் கிளறினார்.

சில மாதங்கள் போயின. ஒரு மத்தியானம், கடைக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போன சின்ன காஸ் சிலிண்டரைத் தூக்கிவைக்க அவர் எழும்பி வருவதற்குள், தங்கமுத்து அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

வெறும் சிலிண்டராக இருக்கும் என்று அவர் போய்த் தூக்கிப் பார்த்தார். நிறைந்திருந்தது. இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"முழங்காலை மடிச்செல்லோ தூக்கோணும்," என்றாள், அவரைக் கதிரையில் இருத்தியபடி.

"உண்மையைச் சொல்லு. என்ன குளிசை குடிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. வேணுமெண்டா நீங்களும் செய்து பாருங்கோவன்."

இடுப்பு நோ மாறியபிறகு, அவள் ஒரு கானில் கால்வாசி தண்ணீர் விட்டுக் கொடுத்தாள். அவர் கதவைச் சாத்தினார். யன்னலையும் சாத்தினார்.

"றுக்கியாவிட்ட மட்டும் சொல்லிப்போடாதை," என்றுவிட்டு, மெல்லக் குந்தினார்.