இறுக்கிவிட்ட டேம்பர்

பயிற்சி ஓட்டம் முடிந்து வண்டியை விட்டு இறங்கியதுமே டியர்னன் முன் டயரைத் திட்ட ஆரம்பித்தான்.

"மெதுவான வளைவுல திரும்பவே மாட்டேங்குது. டயர் செத்துப்போச்சு."

"நேத்துதான்டா மாட்டினேன்," என்றாள் ப்ரோனா.

"அப்போ செத்த டயரைத்தான் மாட்டியிருக்கே."

வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் வயல் சாலைகளை அடைத்துவிட்டு நடத்துகிற பைக் பந்தயம் அது. மாடுகளை ஓட்டிவிட்டுக் காலி செய்த புல்வெளியில் வேன்கள் நின்றன. தம்பி ஓட்டுவான், அக்கா வண்டியைப் பார்த்துக்கொள்வாள். பல வருடமாக அப்படித்தான்.

ப்ரோனா குனிந்து ஸ்டீயரிங் டேம்பரைப் பார்த்தாள். வேகத்தில் மேடு தட்டி ஹேண்டில் உதறினால், அந்த உதறலை வாங்கி அடக்குகிற சின்ன எண்ணெய்க் குழல் அது. எவ்வளவு அடக்குவது என்பது அதன் திருகின் கையில். தளர்ந்திருந்தால் உதறும், ரொம்ப இறுக்கினால் சேற்றில் கடப்பாரையைத் திருப்புவது போலாகிவிடும். காலையில் அவள் பாதியில் வைத்த திருகு இப்போது கடைசிவரை இறுகிக் கிடந்தது.

"இதை யாரு தொட்டது?"

"எதை?"

"டேய்."

டியர்னன் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமானான். போன கோடையில் இதே சாலையின் பாலத்து மேட்டில், ஹேண்டில் இரண்டு பக்கமும் அடித்து அவனை வேலிக்குள் தூக்கி எறிந்திருந்தது. உடைந்த மணிக்கட்டு கூடிவிட்டது. யார் விசாரித்தாலும், வேலிக்குத்தான் பலத்த அடி என்பான்.

"நான்தான்," என்றான் கடைசியில். "நேர் ரோட்டுலயே ஹேண்டில் அலையுது, ப்ரோனா. லேசா. பயத்துல எனக்குத்தான் அப்படித் தோணுதுன்னு நெனச்சேன். உங்கிட்ட என்னன்னு வந்து சொல்றது? பயந்தாங்கொள்ளிக்கு ஏத்த மாதிரி வெச்சுக் குடுன்னா?"

"எப்போலேர்ந்து?"

"சீசன் ஆரம்பத்துலேர்ந்து."

அவளுக்கு நன்றாக வாயில் வந்தது. ஆனால் ஸ்பேனரை எடுத்து டேம்பரைக் கழற்றினாள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஒற்றை விரலால் ஹேண்டிலைத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு வந்தது. நேர் திசைக்கு வந்ததும் குழியில் விழுந்தது போல நின்றது. இன்னொரு முறை தள்ளினாள். அதே இடம்.

"வா, கையை வெச்சுப் பாரு."

அவன் வைத்துப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"கோன்செட் போயிருக்கு. ஹேண்டில் சுத்துற பேரிங். நடுவுல குழி விழுந்திருக்கு," என்றாள். "நான் டேம்பரைக் கழட்டாமலே ஆட்டிப் பாத்திருக்கேன், அதான் குழி தெரியலை. அது என் தப்பு. நீ வாயைத் திறக்காம இருந்தது உன் தப்பு."

"அப்போ நான் பயப்படலையா?"

"பயந்தே. வண்டியும் அலைஞ்சுது. ரெண்டும்தான்."

அவர்களிடம் மாற்று பேரிங் இல்லை. அதே ரக வண்டி ஓட்டுகிற யூனனின் வேனுக்குப் போனாள். இந்த சீசனில் டியர்னனைப் போகிற இடமெல்லாம் முந்தியவன் அவன்.

"இதைப் போட்டா உன் தம்பி என்னைத் துரத்துவானா?" என்று கேட்டான் யூனன்.

"துரத்துவான்."

"கேட்டிருக்கவே கூடாது," என்று சொல்லிக்கொண்டே பிரிக்காத பெட்டியை அவள் கையில் போட்டான்.

நல்லவேளையாக மழை பிடித்துக்கொண்டது, பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள். ப்ரோனா பேரிங்கின் பழைய வளையங்களை வண்டிச் சட்டத்திலிருந்து தட்டி எடுத்தாள். புதியவற்றை ஐஸ்கிரீம் வண்டிக்காரியின் பெட்டியில் போட்டுக் குளிரவைத்தாள். குளிரில் சுருங்கியவை நாலு தட்டில் உட்கார்ந்தன. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி டேம்பரையும் மாட்டியபின் அவள் விலகி நின்றாள்.

"திருகை நீயே வை."

"நீ வெச்சா நான் எதுவும் கேக்க மாட்டேன்."

"அதனாலதான் சொல்றேன்."

டியர்னன் திருகை முழுக்கத் தளர்த்தினான். பிறகு ஒவ்வொரு க்ளிக்காக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஹேண்டிலை இருபுறமும் ஆட்டிப் பார்த்தான். அவள் வைத்திருக்கக்கூடிய இடத்துக்கு ஒரு க்ளிக் மேலே போய் நிறுத்தினான். அவள் ஸ்பேனரை எடுத்துவைத்தாள்.

மழை விட்டுச் சாலை காய்ந்ததும் பந்தயம் தொடங்கியது. ப்ரோனா பாலத்துக்குப் பக்கத்தில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றாள். முன்னணியில் யூனன் போனான். ஐந்தாவதாக டியர்னன் வந்தான். மேட்டில் முன் சக்கரம் எழும்பி இறங்கியது. ஹேண்டில் இடம் வலமாக ஒருமுறை உதறியது. எஞ்சின் சத்தம் குறையவே இல்லை. வண்டி நேராகி வேலிகளுக்கு நடுவே போய் மறைந்தது.

டியர்னன் நான்காவதாக முடித்தான். முன்னால் போன யூனன் அவன் கண்ணில்கூடப் படவில்லை.

"உதறுச்சு," என்றான் வண்டியிலிருந்து இறங்காமலே.

"பாத்தேன்."

"இறுக்கிப் பிடிக்கலை. விட்டேன். அதுவா நின்னுது."

அவன் ஹெல்மெட் வாரை அவள் அவிழ்த்துவிட்டாள். அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றான். "இப்போ டீ குடு."