சோப்பு பட்ட மஞ்சள்

ஈரத்துணியால் துடைத்தபோது தோல் பையின்மேல் இருந்த அந்தப் பொட்டு மஞ்சளாகத்தான் இருந்தது. சந்திரிகா துணியில் கொஞ்சம் சோப்பைத் தடவித் தேய்த்தாள். மஞ்சள் கண்ணெதிரிலேயே ரத்தச் சிவப்பாகித் தோலுக்குள் இறங்கியது.

முந்தின நாள் ஆயுத பூஜை. சுங்கை சோ ஊரில் கார் சீட்டு தைக்கிற கடை அவர்களுடையது. தையல் மெஷின், கத்தரிக்கோல், சுத்தியல் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பொட்டு வைத்த அவள் கணவன் லிங்கேஸ்வரன், மேசைமேல் கிடந்த இரண்டு பைகளையும் விடவில்லை. உள்ளே புத்தகம் வைக்கிற பையாச்சே, சரஸ்வதிக்கு முன்னால் வைக்காமல் இருக்கலாமா? பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. ராத்திரி முழுக்க மஞ்சள் ஊறியது.

காரோடு வரும் கையேட்டை வைக்கிற பைகள் அவை. ஒன்று வெளிர்பழுப்புத் தோல், அசல். பழைய கார்கள் வைத்திருக்கும் ஆன்ட்ரூ சாருடையது; அவர் அப்பா உலு யாம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன காரோடு வந்தது. மற்றது அதைப் பார்த்து சந்திரிகா வினைலில் தைத்த நகல். தோல் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும். வினைல் சூட்டில் வியர்த்துப் புத்தக அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். காரில் எதை வைக்கலாம் என்று பார்க்கத்தான், நகல் தைக்கச் சொல்லி சார் அசலைக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை பிடித்தால் அவருடைய மற்ற பழைய கார்களும் இங்கேதான் வரும். பிடிக்காவிட்டால்? ராசா ஊரில் ஒருவன் அவர் கார் சீட்டைக் கெடுத்துவிட்டு, அவர் போட்ட வழக்குக்கு அலைந்தே கடையை மூடினான்.

வினைல் பையில் பொட்டு ஒரே துடைப்பில் போயிருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

லிங்கேஸ்வரன் எட்டிப் பார்த்தான். "சாமிக்குத்தானே வச்சேன்."

"சாமி வந்து சார்கிட்ட பேசுமா?"

மஞ்சள் கறை வெயில் பட்டால் வெளுக்கும். பையைக் கொண்டுபோய்ப் பின்பக்கத் தகரத்தின்மேல் வைத்தாள். சிவப்பு மெல்ல மங்கியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தோலின் ஓரம் மேல்நோக்கிச் சுருளத் தொடங்கியது. நிழலுக்கு எடுத்தாள், கறை அப்படியே நின்றது. மறுபடி வெயிலில் வைத்தாள். கறை போக வேண்டும், தோலும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வெயில்தான் இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது.

"வினைல கையில குடுத்துடு லா," லிங்கேஸ்வரன் கிசுகிசுத்தான். "தோலு இன்னும் காயலன்னு சொல்லிடு. குவாலா சிலாங்கூர்ல கார் காட்சிக்குப் போற அவசரத்துல இருப்பாரு."

ஆன்ட்ரூ வினைல் பையைத் திருப்பிப் பார்த்தார். தையலை நகத்தால் தடவினார். "பரவாயில்லையே. அசல் எங்கம்மா?"

அவள் வாய் திறந்தது. காயவில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"பின்னால இருக்கு சார். கெட்டுப்போச்சி."

அவர் பின்பக்கம் போய், தகரத்தின்மேல் குனிந்து கறையை விரலால் தொட்டார்.

"பொட்டா?"

"ஆயுத பூஜ சார்," என்றான் லிங்கேஸ்வரன்.

"பொட்டு வச்சதுக்குக் கோவமில்ல. அப்பா காலத்துல டிரைவர் ஸ்டீரிங்குக்கே வைப்பாரு. அப்பா ஜெபமாலையும் அதுக்கு மேல கண்ணாடியிலதான் தொங்கும்." குரல் உயரவே இல்லை; அதுதான் அவளுக்குக் கிலியைக் கிளப்பியது. "பழசு அழுக்கா இருக்கலாம். ஆனா செவந்திருக்கே, சோப்பு யாரு போட்டா?"

"நான்தான் சார். பயத்துல போட்டுட்டேன்."

பையை எடுத்து அவள் கையிலேயே வைத்தார். "இனி தண்ணி வேணாம், வெயில் வேணாம். வியாழக்கிழம வர்றேன். இதுக்குமேல கெடாம இருக்கட்டும். அதப் பாத்துட்டுத்தான் மத்த காருங்கள பத்திப் பேசணும். என்ன பேசணும்னும் அப்பதான் தெரியும்."

கார் போனது. லிங்கேஸ்வரன், "திட்டலையே," என்றான்.

அவர் திட்டியிருந்தாலே தேவலை என்று சந்திரிகாவுக்குத் தோன்றியது. ரவாங் பக்கம் வானம் கறுத்து, தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. இந்த ஈரத்தில் அலமாரிக்குள் வைத்தால் வியாழனுக்குள் பூசணம். மழை விட்டு வெயிலில் வைத்தால் வெடிப்பு. கையில் வைத்திருந்தால் வியர்வை.

கடைக்குள் தாவணித் துணி ஒன்றை மடித்து, அதன்மேல் பையைக் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மழை வலுத்தது.