வழிவிடும் இஞ்சின்

ஸ்கேனரில் பி சைபர் சைபர் அறுபத்தொன்பது என்ற எரர் கோடு மறுபடியும் வந்துவிட்டது. சஞ்சித்தின் கார் கோவை சரவணம்பட்டியில், ஷெர்லின் அக்காவின் பட்டறையில் நின்றது. இஞ்சின் ஊட்டியில் இருந்தது. அந்த எரர் கோடுக்கு அர்த்தமே அதுதான்: வெளியே இருக்கிற காற்றழுத்தமும் இஞ்சின் இழுக்கிற காற்றின் அழுத்தமும் ஒத்துப்போகவில்லை. கோயம்புத்தூரில் ஸ்கேனர் தொண்ணூற்றாறு காட்ட வேண்டும். எழுபத்தெட்டு காட்டியது. மேலே போகப் போக எண் குறையும். எழுபத்தெட்டு என்றால் ஊட்டிதான், வேறு ஊர் கிடையாது.

சஞ்சித் பானெட்டைத் திறந்தான். இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பனி. ஏர் ஃபில்டர் குழாய் பனிக்குள் போயிருந்தது. இழுத்துப் பார்த்தால் முனையில் ஊட்டி வர்க்கித் தூள் ஒட்டியிருந்தது.

“மூணு சென்சர் மாத்தியாச்சுக்கா. மூணும் இதையேதான் சொல்லுது.”

“இருக்கற எடத்தச் சொல்லுது. அதப் போட்டு ஏன் மாத்தற?” என்றாள் ஷெர்லின் அக்கா.

“நீங்கதான மாத்தச் சொன்னீங்க?”

“அப்ப சொன்னேன். இப்ப கேக்கறேன்.”

தப்பு அவளுடையது. புது டர்போ மாட்டிய அன்று இஞ்சினுக்கு உத்தரவு சொல்ல லேப்டாப்பில் இருந்த ஒரு ட்யூனை அப்படியே ஏற்றிவிட்டாள். அது ஊட்டிப் பையன் ஒருவனுக்காக, மலைக்காற்றுக்கு எழுதியது. இஞ்சின் அதைப் படித்தது, கிளம்பிப் போய்விட்டது. பிறகு சமவெளி ட்யூனை ஏற்றினாள். இஞ்சின் அன்றே இறங்க ஆரம்பித்தது. இஞ்சின் எங்கே இருந்தாலும் சக்கரம் சுற்றும், அதில் தகராறு இல்லை. டாஷ்போர்டில் இஞ்சின் லைட் எரிவதுதான் தகராறு.

அந்த எரர் கோடை அழித்தால் எண் ஏறும், இஞ்சின் இறங்கும். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூற்றொன்று. அங்கே நிற்கும். பிறகு பழையபடி எழுபத்தெட்டு. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். பாதிப் பேர் இந்த விதியை மதிப்பதில்லை. சஞ்சித்தின் இஞ்சின் மதித்தது. சீசன் நேரம் வேறு. ஏறுகிற பஸ், வேன், டூரிஸ்ட் கார் எல்லாவற்றுக்கும் ஒதுங்கியது. ஒதுங்க இடமில்லாத வளைவில் பின்னால் போனது. அப்படிப் போய்ப் போய் ஊட்டிக்கே திரும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். சஞ்சித்தின் அப்பா தங்கமுத்துவுக்குக் கணபதி ஏரியாவில் பம்புசெட் கடை. பன்னிரண்டாவதோடு படிப்பு போதும் என்று இவன் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. “இந்த ஒரு ரேஸ்ல மொதல்ல வா, வண்டிய வச்சுக்க. வரலீன்னா வித்துப்போட்டுக் கடைக்கு வந்துரு” என்றார். நியாயமான பேச்சு. அதனாலேயே எரிச்சலாக இருந்தது.

எண் மறுபடி தொண்ணூற்றொன்றுக்கு வந்தபோது ஷெர்லின் அக்கா மலைப்பாதையில், புர்லியாரில் பழக்கடை வைத்திருக்கும் சுகந்திக்கு போன் போட்டு சஞ்சித்திடம் கொடுத்தாள்.

“அக்கா, அங்க ஒரு இஞ்சின் நிக்குதுங்களா?”

“நிக்குது கண்ணு. என்ற கடைக்கு முன்னாலதான். நல்ல இஞ்சின். சைக்கிள்காரனுக்குக்கூட ஒதுங்குது.”

“கொஞ்சம் அதட்டி முடுக்கி விடுங்கக்கா.”

சுகந்தி அதட்டினாள். போனில் கேட்டது. “அதட்டுனா இன்னும் ஓரமாப் போகுது சாமி. பள்ளத்துல விழுந்து கிழுந்து தொலச்சா என்னக் கேக்காத.”

“யார்கிட்டக்கா கத்துக்குச்சு இவ்வளவு மரியாதைய?” என்று சஞ்சித் தலையில் அடித்துக்கொண்டான்.

“உங்கிட்ட இல்ல,” என்றாள் ஷெர்லின் அக்கா.

ஞாயிறு காலை ட்ராக் வாசலில் வண்டிகளைச் சோதிக்கிறவர் ஸ்கேனரைப் பார்த்தார். “தொண்ணூத்தொண்ணு. புர்லியார். நீலகிரி மாவட்டம். இஞ்சின் கோவை மாவட்டத்துக்குள்ள இருந்தாத்தான் ஓட்டலாம். ஓரமா நிறுத்துங்க தம்பி.”

சஞ்சித் நிறுத்தினான். இஞ்சினும் அங்கே ஓரமாகத்தான் நின்றது. அப்பா கம்பி வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வழி கண்டுபிடித்தது சுகந்திதான். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற கேரட் லாரி யாருக்கும் வழிவிடாது. அதற்குப் பின்னால் இஞ்சினைச் சேர்த்துவிட்டாள். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுநான்கு. தொண்ணூற்றைந்தில் மலையடிவாரக் கல்லாறு வந்தது, கோவை மாவட்டம் வந்தது, லைட் அணைந்தது. சோதிக்கிறவர் கொடியை ஆட்டி உள்ளே விட்டார்.

ஷெர்லின் அக்கா ஜன்னலில் குனிந்தாள். “நல்லாக் கேட்டுக்க. இனி அதுக்குச் சமவெளி. நீ மிதிக்கிற வேகத்துக்கு ஓடி வரும். தொண்ணூத்தாறு காட்டுனதும் கால எடு. ஒரு நொடி எடுத்தாப் போதும், வந்து உக்காந்துக்கும். இல்லீன்னா வண்டியத் தாண்டிப் போயிரும்.”

“சரிக்கா.”

கடைசிச் சுற்றில் ஒரு சிவப்பு வண்டி இவனுக்குப் பக்கவாட்டில் வந்தது. ஸ்கேனர் தொண்ணூற்றாறு காட்டியது. காலை எடுத்தால் அந்தச் சிவப்பு வண்டி முன்னால் போகும், இவன் திங்கட்கிழமை பம்புசெட் விற்பான். சஞ்சித் மிதித்தான். நூறு. பாலக்காடு. முதலாவதாகக் கோட்டைத் தாண்டியபோது நூற்றொன்று. கொச்சிக் கடற்கரை.

கிளச்சை மிதித்து வண்டியை உருட்டி நிறுத்தினான், ஆக்ஸிலேட்டரில் கால் அப்படியே இருந்தது. சோதிக்கிறவர் நடந்து வந்தார். “நீங்கதான் ஃபர்ஸ்ட். ஆனா இஞ்சின் மாவட்டத்துல இல்ல. அது திரும்பி வர்ற வரைக்கும் ரிசல்ட்ட நிறுத்தி வைக்கிறோம்.”

பானெட் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்பா வேலிக்குள் வந்து அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். “உப்பு” என்றார். எண் நூற்றுப்பத்தைத் தாண்டியது.

“நியூட்ரல் போட்டுக் கால எடுடா,” என்றாள் ஷெர்லின் அக்கா. “அங்கயே நிக்கட்டும். ஆள் அனுப்பித் தூக்கிக்கலாம்.”

“எவ்வளவு நாளாகும்க்கா?”

“சீசன் முடியணும்.”

சஞ்சித் நியூட்ரல் போட்டான். கால் மிதித்தபடியே இருந்தது.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பூமி உருண்டைதான, மேக்க போனது கெழக்க வந்துதான ஆகோணும்” என்றார். “மெட்ராஸ் பக்கமா வரும். அங்க கடலுக்குள்ள யாரு வழி கேக்கப் போறாங்க?”

“இதுக்கு நீங்க வேறயா? டேய், கால எடு.”

எண் இருநூறு ஆனது. சிவப்பு வண்டிக்காரன் ஒரு கேன் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனான். ஷெர்லின் அக்கா இன்னொரு தடவை, இந்த முறை கெஞ்சுகிற குரலில், காலை எடுக்கச் சொன்னாள்.

சஞ்சித் எடுக்கவில்லை.