மஞ்சக்கோடு

“அறுத்துப் பாத்தே எழுதிக் குடுங்க டாக்டர்” என்று அண்ணன் சொன்னபோது, இறந்துகிடந்த அப்பாவின் சட்டைப் பொத்தான்களை மாட்டிக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றது.

அவசியமில்லை என்றார் டாக்டர். மாரடைப்புதான். பிளாட்பாரத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்ததை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். இப்போதே சான்றிதழ் தருகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். அறுப்பதென்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொல்லுங்கள் என்றான் அண்ணன். ரயில்வே ஸ்டேஷனில் செத்தார் என்றால் ஊர் என்ன நினைக்கும்?

ரயிலில் விழுந்துவிட்டார் என்று ஊர் நினைக்கக் காரணமும் இருந்தது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு அப்பா வீட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். ஹாலில் அண்ணி டியூஷன் எடுப்பாள். அது முடிகிறவரை அவருக்கு ஜங்ஷன்தான். “அவருக்கு ரயில் பைத்தியம்” என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். அது முழுப் பொய்யும் இல்லை.

போன முறை அவள் ஊரிலிருந்து வந்திருந்தபோது அவளையும் அங்கே அழைத்துப்போனார். கிளைப் பாதையில் வந்த ரயிலின் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டிப்போய் மறுமுனையில் மாட்டினார்கள். “வாலு தலையாயிடுச்சு பாரு” என்று சிரித்தார். நிற்காத வண்டி வருவதாக அறிவித்ததும் எழுந்துவிட்டார். ஓரத்தில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தவர்களை, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரச்சொல்லி விரட்டினார். திரும்பி வந்து, தலை நரைக்கத் தொடங்கிவிட்ட மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வண்டி கடந்து தூசி அடங்கும்வரை விடவில்லை. போர்ட்டர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே மஞ்சக்கோடு.

அந்த மனுஷன் தண்டவாளத்தில் விழுந்தார் என்று யார் சொல்லுவார்கள் என்று அவள் கேட்டாள். எல்லோரும்தான் என்றான் அண்ணன். அவன் ஆபீசிலிருந்து ஒருவர் அதற்குள் போன் செய்து, எந்த ரயில் என்று விசாரித்துவிட்டாராம்.

“அவர் உடம்புல ஒரு கீறல் இல்லண்ணே. அதக் காட்டறதுக்குக் கீறணுமா?”

“நீ ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிடுவ. இங்க தல நிமுந்து நடக்க வேண்டியவன் நான்.”

தினமும் அவரை ஸ்டேஷனுக்கு அனுப்பியது யார் என்று அவள் கேட்டிருக்கலாம். அப்பாவின் முகத்துக்கு எதிரில் அதைக் கேட்க மனம் வரவில்லை. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு போனை எடுத்தார். போட்ட பொத்தான்களை அவளே ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. மண்டையையும் அறுத்துப் பார்த்திருந்ததால் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே, சாக்குமூட்டையின் வாயை மூடுவதுபோல இழுத்துப் போட்ட தையல். அப்பா தையல்காரர். கைக்குட்டை ஓரம் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பவர். அவள் போர்வையை மோவாய்வரை இழுத்துவிட்டாள்.

அண்ணன் வாசலிலேயே நின்றான். வருகிறவர்களிடமெல்லாம், ஹார்ட்டுதான், டாக்டரே அறுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றான். அவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். தலைக்கட்டைப் பார்த்ததும் அவர்கள் நடை தயங்கியது. அண்ணி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பிறகு அவளருகில் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மொகமாவது முழுசா கெடச்சுதேம்மா. ரயில்ல அடிபட்டா இதுகூடக் கெடைக்காது.”

அவர் உட்காருவதற்கு அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். வாசலில் அண்ணன், அடுத்து வந்தவரிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தான்.