கழற்றி மாட்டிய கார்புரேட்டர்

வாதம் விழுந்து வாய் கோணிப்போன பிறகு தேவபிரசாதம் முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன சொல் ‘கார்ப்பு’. மனைவி ஜீவமணிக்கு விளங்கவில்லை. கறுப்புக் காப்பி கேட்கிறார் என்று நினைத்து அடுப்படிக்குப் போனாள். டம்ளரை நீட்டியதும் அவர் இடது கையால் அதை விலக்கிவிட்டு, முற்றத்தில் ஓலைச் சாய்ப்புக்குக் கீழே நின்ற மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய மேட்ச்லெஸ் அது. சங்குகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் உத்தியோகம் அவருக்கு. தருவைகுளத்திலிருந்து மணப்பாடு வரைக்கும், சங்கு குளிக்கிற ஊருக்கெல்லாம் அதில்தான் போய் வருவார். மற்ற வேலைகளை அடுத்த தெரு ஒர்க்ஷாப் செல்லப்பாண்டியிடம் விடுவார். கார்புரேட்டரை மட்டும் அவனைத் தொட விடமாட்டார். சனிக்கிழமை தவறாமல் தானே கழற்றிச் சுத்தம் செய்து தானே மாட்டுவார்.

இப்போது வண்டி பல மாதமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. கடல் காற்றில் கைப்பிடியெல்லாம் துரு பூத்துவிட்டது.

“கழத்து” என்றார்.

“நானா? செல்லப்பாண்டியக் கூப்பிடட்டுமாங்க?”

வேண்டாமென்று தலையைப் பலமாக ஆட்டினார். அவர் கண்ணில் அப்படியொரு ஆசையை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பார்க்கவே இல்லை. வலது கையும் காலும் இனித் திரும்பாது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பானர் பையை எடுத்து வந்தாள்.

நாற்காலியில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். அவர் விரல் காட்டியபடி பெட்ரோல் குழாயை அடைத்தாள். மேல் மூடியைத் திருகி எடுத்ததும் கம்பியோடு சேர்ந்து ஊசி வெளியே வந்தது. கார்புரேட்டரை இஞ்சினோடு பிடித்திருந்த இரண்டு நட்டுகளும் இறுகிப்போயிருந்தன. முழு எடையையும் கொடுத்து அழுத்தியதில் ஒன்று சட்டென்று இளகி, விரல் முட்டியில் தோல் உரிந்தது. ஒரு வழியாகக் கார்புரேட்டர் கையோடு வந்தது. அடியில் பாசி மாதிரி பச்சைக் கசடு.

பெட்ரோல் பாயும் ஜெட்டின் துவாரத்தைக் குத்த அவள் சேலையிலிருந்து ஊக்கை எடுத்தபோது அவர் உறுமினார்.

“ஊது.”

ஊதினாள். நாக்கெல்லாம் பெட்ரோல் காந்தியது. கடைசியில் அடைப்பு விட்டுக் காற்று சீறிப் போனது. அவர் பாதி வாயால் சிரித்தார்.

திரும்ப மாட்டுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஊசி இறங்கவில்லை. “திருப்பு... மெதுவா... ஆங்!” என்று அவர் சொல்லச் சொல்ல, அது தன் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

உதைத்து ஸ்டார்ட் செய்ய அவளால் முடியவில்லை. செல்லப்பாண்டியை அழைத்து வந்தாள்.

“மதினி, சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேன்லா” என்று சொல்லிக்கொண்டே உதைத்தான். வண்டி இருமியது, புகை கக்கியது, பிறகு திடுமென்று பிடித்துக்கொண்டு முற்றமே அதிர ஓடியது. தேவபிரசாதத்தின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

“ஏத்து” என்றார்.

இருவருமாகத் தூக்கி, ஸ்டாண்டில் நின்ற வண்டிமேல் உட்கார வைத்தார்கள். செல்லப்பாண்டி முதுகைத் தாங்கிக்கொண்டான். ஜீவமணி அவருடைய வலது கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். விட்டதும் கை நழுவித் தொடையில் விழுந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது. அந்த வண்டியில் எல்லாமே வலது பக்கம்: முறுக்குவது, உதைப்பது, கியர் மாற்றுவது. அவருடைய வலது கால் கியரை ஒட்டித் துணி மாதிரி தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடைப்பு... இன்னும் இருக்கு” என்றார். “கழத்து.”

“அண்ணாச்சி, இஞ்சின் நல்லாத்தான...” என்று தொடங்கிய செல்லப்பாண்டியைப் பார்த்து ஜீவமணி வேண்டாமென்று தலையசைத்தாள்.

மறுநாள் கழற்றினாள். அதற்கப்புறமும் எத்தனையோ தடவை. அவள் கை பழகிவிட்டது. இருட்டில்கூட அந்த நட்டுகளை அவளால் கழற்ற முடியும். கழற்றி மாட்டுகிற நேரத்தில் மட்டும் அவருக்குப் பேச்சு வந்தது, அதட்டல்கூட வந்தது. அதற்காகவே அவள் கழற்றினாள். முடிவில் செல்லப்பாண்டி வருவான், வண்டி நன்றாக ஓடும், ஏற்றுவார்கள், கை விழும். “அடைப்பு” என்பார்.

ஐப்பசி மழை தொடங்குகிற சமயம் ஒரு சாயங்காலம். கழுவித் துடைத்த கார்புரேட்டரைத் தரும்படி இடது கையை நீட்டினார். வாங்கிக் கண்ணருகே வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அதன் துவாரம் வழியே வெகுநேரம் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு.”

“ஆமாங்க.”

“அன்னைக்கே... சுத்தம்தான்.”

அவள் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தாள்.

“டாக்டர்... சொன்னாரா?”

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள். அவர் கார்புரேட்டரை அவள் மடியில் வைத்தார்.

“மாட்ட... வேண்டாம்.”

“மாட்டிருவோம்ங்க. இன்னும் ஒரு தடவ பாப்போம்” என்றாள். இத்தனை நாள் அவருக்காகச் செய்தவள், இப்போது தனக்காகக் கெஞ்சினாள். அவசரமாக எழுந்து ஸ்பானரைத் தேடினாள்.

“வேண்டாம்ளா” என்றார் அவர். “இஞ்சின் ஓட்டையில... துணி அடை. குளவி கூடு கட்டிரும்.”

பழைய பனியனைக் கிழித்து அடைத்தாள். கார்புரேட்டரை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள்.

மழை வலுத்த பிறகு, முற்றம் கண்ணில் படாதபடி கட்டிலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டாள். அதற்கப்புறம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. மாத்திரைக்கு மட்டும் வாயைத் திறப்பார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் எதையாவது பேசிப் பார்ப்பாள், பிறகு எழுந்து போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகையில் போதகர் ஐயா, “சாருக்கு இப்ப எப்படி இருக்கும்மா?” என்று கேட்டார்.

“அப்படியேதான் இருக்காவ ஐயா” என்றாள் ஜீவமணி.