காய்ச்சல் என்று சொன்னேன்

என் கணவர் விஜயபாண்டி இறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெபக்கூட்டம் முடிந்து ராஜபாளையத்துக்கு பைக்கில் திரும்பும்போது லாரி மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இடது கை முறிந்ததோடு சரி.

நாங்கள் குடியிருந்த மாடி அவருடைய அண்ணன் சமுத்திரத்துக்குச் சொந்தம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கீழ் வீட்டில் இருந்தார். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். பதினாறாம் நாள் காரியத்தை அவர்கள் குடும்பத்து இந்து முறைப்படி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தா பாரு கல்பனா, அந்தக் கூட்டத்துக்குப் போயித்தான் எந்தம்பிய வாரிக் குடுத்தோம். இனி அவிய ஒருத்தர் இந்தப் படியேறுனாலும், நீ எறங்கிர வேண்டியதுதான்."

இறங்கி எங்கே போவது? ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து வ. புதுப்பட்டியில் என் அம்மா வீட்டுக் கதவு எனக்குத் திறந்ததில்லை. படியில் அத்தான் செருமல் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன்.

எங்கள் சபைக்குக் கட்டடம் கிடையாது. என் கணவரையும் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடுவோம். முறை அவர் இருக்கும்போதே எழுதியது. அந்த வாரம் எங்கள் வீடு.

வெள்ளிக்கிழமை எங்கள் சபை முனீஸ்வரி அக்கா போன் செய்தாள். "நாளைக்கு ஒன் வீடுதானட்டி? சுண்டல் நான் அவிச்சுட்டு வாரேன்."

"எனக்குக் காய்ச்சல்க்கா. நாளைக்கு வேண்டாம்."

"ஐயோ, எம்புட்டு நாளா?"

"ரெண்டு நாளா."

போனை வைத்ததும் மூச்சு வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஓய்வெடு என்று சொல்லி விட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் அப்படியில்லை. ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மொத்தச் சபையும் போய் எண்ணெய் பூசி ஜெபிக்கும். அக்காவின் கணவர் கருத்தையாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது நானே மூன்று நாள் போயிருக்கிறேன். பயத்தில் அது மறந்துவிட்டது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஆட்டோ சத்தம் கேட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு ஆட்டோக்கள். ஒன்பது பேரும் இறங்கினார்கள். எங்களை நடத்தும் மாரிச்சாமி அண்ணன் தையல் கடையைப் பூட்டிவிட்டு எண்ணெய்க் குப்பியோடு வந்திருந்தார். அக்கா கையில் ரசத் தூக்குவாளி. வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்த சமுத்திரம் குழாயை மூடினார்.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தூங்குவதுபோல் கிடக்கலாமா என்று நினைப்பதற்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"ஏட்டி, காய்ச்சக்காரி எதுக்கு எந்திரிச்சு நிக்க?" அக்கா என் நெற்றியைத் தொட்டாள். "குளுந்துல்லா கெடக்கு!"

"எண்ணெ பூசுமுன்னே சொகமாயிட்டா. அண்ணாச்சிக்கு வேலையில்ல," என்றார் கருத்தையா. சிரித்தார்கள். எனக்குப் படியில் ஏறும் காலடிதான் கேட்டது.

சமுத்திரம் வாசல் நிலையில் வந்து நின்றார். "யாரு இவியெல்லாம்?"

"தங்கச்சிக்குக் காய்ச்சல்னாவ. பாத்துட்டுப் போலாம்னு..." என்றார் மாரிச்சாமி அண்ணன்.

"காய்ச்சலா?" அத்தான் என்னைப் பார்த்தார்.

தலையாட்டினால் போதும். நோயாளியைப் பார்க்க வந்தவர்களை அவரும் விரட்டமாட்டார். ஆனால் என் பொய்யை நம்பித்தான் ஒன்பது பேர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"இல்லத்தான். பொய் சொன்னேன். ஒங்களுக்குப் பயந்து, இவிய வரக்கூடாதுன்னு. இன்னைக்கு எங்க வீட்டு ஜெபம்."

அவர் சுவரில் இருந்த தம்பியின் படத்தையே பார்த்தார். "அவனும் இப்படித்தான். சொன்னாக் கேக்க மாட்டான்." என் பக்கம் திரும்பினார். "பொழுதடையுமுன்ன சாவியக் குடுத்துரு." இறங்கிப் போய்விட்டார்.

இப்போது இவர்களைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"எங்கிட்டயே பொய் சொல்லிட்டியேட்டி," என்று அக்கா அழுதாள். அழுதுகொண்டே என் சேலைகளை மடிக்க ஆரம்பித்தாள். "எங்க வீட்ல ஒத்த ரூம்புதான். நீ கட்டில்ல படு. அவரு வெளிய படுத்துக்கிடுவாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார் கருத்தையா. அதற்குள் கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றியிருந்தார்.

"எறக்கி வையும். வந்தது ஜெபத்துக்கு," என்றார் மாரிச்சாமி அண்ணன்.

முழங்காலிட்டோம். அண்ணன் ஜெபித்தார், அவர் குரலும் நடுங்கியது. அத்தான் ஆட்களோடு திரும்பி வந்துவிடுவாரோ என்று என்னால் கண்ணை மூட முடியவில்லை. பக்கத்தில் திரும்பினேன். முனீஸ்வரி அக்காவும் மூடவில்லை. என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அவளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.