பப்பாசிப் பால் கைத்தது

1

இது ஒரு சமையல் குறிப்பாக வெளிவந்திருக்க வேண்டியது. ஞாயிறு இதழொன்றின் பெண்கள் பக்கத்தைப் பார்க்கும் அம்மையார் என்னைக் கூப்பிட்டு, "வெய்யில் காலம். வீட்டிலேயே பழமும் பாலும் அடிச்சுக் குடிக்கிறது எப்படியெண்டு அரைப்பக்கம் எழுதித் தாங்கோ" என்றார். எனக்குத் தேத்தண்ணீர் போடத் தெரியும், அதற்குமேல் தெரியாது. ஆகவே மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் இருக்கும் செலீனாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள்.

"பழப்பாலோ?" என்றாள். "அதை மட்டும் என்னட்டக் கேக்காதையும். கேட்டால் முழுக்கச் சொல்லுவன். நீர் எழுதிப்போடுவீர்."

கேட்டேன். சொன்னாள். எழுதுகிறேன். அரைப்பக்கத்துக்குள் நிற்கப்போவதில்லை.

2

தொடக்கம் சரிவரவில்லை. கைவிட்டவற்றில் சில:

'தேவையான பொருட்கள்: பால், பழம், சீனி, மின்சா—' (ஆண்டு இரண்டாயிரத்து இருபத்திரண்டு. பால்மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மின்சாரம் நினைத்தால் வரும். இவற்றைப் பட்டியல் போட எனக்கே வெட்கமாக இருந்தது.)

'மன்னார்க் கடலின்மேல் சூரியன் மெல்ல—' (செலீனாவின் குசினி யன்னலால் பார்த்தால் தெரிவது பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர்.)

'செலீனா பொறுமையே வடிவானவள்.' (இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆர் உமக்குச் சொன்னது?" என்றாள். வெட்டிவிட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். செலீனாவின் புருசன் கொன்ஸ்ரன்ரைனின் தாடையை ஒரு கழுதை உதைத்து உடைத்துவிட்டது.

3

கழுதை வேண்டாம், மாடாக்கினால் என்ன என்று இதழ்க்காரர் ஒருவர் கேட்டார். ஏன் கழுதை என்பது மன்னாரில் இருந்து பார்த்தால்தான் விளங்கும். கேட்பாரில்லாத கழுதைகள் தெருவில் படுத்திருக்கும், பஸ் வந்தாலும் எழும்பாது, படலை திறந்திருந்தால் வளவுக்குள் வந்து வாழைத்தோல் தின்னும். மாட்டை எங்கேயிருந்து கொண்டுவருவேன்?

உதை விழுந்த அன்று காலை மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்களையெல்லாம் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். செலீனாவின் தம்பி சிங்கராசாவின் கையிலிருந்து கயிறு வழுகிவிட்டது. வள்ளம் ஒருபக்கம் சரிய, அண்டையில் நின்ற கொன்ஸ்ரன்ரைன் மணலில் விழுந்தான். ஊரே பார்த்தது. அவன் எழும்பி, சாரத்தைத் தட்டிக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி வீட்டுக்குப் போனான்.

வீட்டில் ஒரு கழுதை பப்பாசி மரத்தடியில் நின்று, விழுந்த பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. வேலை இல்லாத எரிச்சலில் இருந்தவன், பின்பக்கமாகப் போய்க் குனிந்து, துவாயால் ஒன்று போட்டான். அவ்வளவுதான். செலீனா குசினியிலிருந்து வெளியே வந்தபோது அவன் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்தான். கழுதை பழத்தை முடித்துவிட்டுத்தான் போனது.

ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "வள்ளம் அடிச்சதோ?"

கொன்ஸ்ரன்ரைன் ஓமென்று தலையை ஆட்டினான்.

4

இந்த இடத்தில் அவன்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதைக்காரிக்குத் தன் பாத்திரம் பிடிக்காமல் போனால் கதை படுத்துவிடும். ஏன் அப்படித் தலையாட்டினான் என்று செலீனாவிடம் கேட்டேன்.

"கழுதை உதைச்சதெண்டு சொன்னால், அவற்ற செத்தவீட்டிலயும் சிரிப்பாங்கள். கழுதைக் கொன்ஸ்ரன் எண்டுதான் பிறகு பேர். பிள்ளையளுக்கும் அதுதான் பேர்."

அது பொய்யில்லை. அந்தக் கரையில் ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் கல்லறை வரைக்கும் கூடவே வரும். ஆனால் பட்டப்பெயர் வேறொருவனுக்கு ஒட்டிவிட்டது. சிங்கராசா 'கயிறு விட்டவன்' ஆனான். எப்போதாவது மண்ணெண்ணெய் கிடைத்து ஒன்றிரண்டு வள்ளம் கடலுக்குப் போகும். ஆள் சேர்க்கும்போது எல்லாருடைய கண்ணும் அவனைத் தாண்டிப் போகும். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அதைவிட மோசம், அவனே நம்பிவிட்டான். கையை விரித்து விரித்துப் பார்ப்பானாம். காலையில் சைக்கிளில் பேசாலைப் பக்கம் போய், மாடு வைத்திருக்கிற ஒரு வீட்டில் போத்தலில் பால் வாங்கிக்கொண்டு வந்து, "அத்தானுக்குக் குடுங்கோ அக்கா" என்று குசினி வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவான்.

(செலீனாவுக்கு உண்மை தெரியும். இதை இரண்டாம் முறை வாசிக்கும்போது கவனித்தேன்: நான் கொன்ஸ்ரன்ரைனைத் திட்டுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன். "சொல்லத்தான் நினைச்சனான். இவருக்குக் கம்பி கழட்டட்டும், பிறகு சொல்லுவமெண்டு" என்று அவள் சொன்னதை முதல் படியில் எழுதவேயில்லை.)

5

இப்போது பாலுக்கு வருகிறேன். கம்பி கட்டிய வாய்க்குள் ஸ்ரோவால் உறிஞ்சக்கூடியது மட்டுமே போகும். கஞ்சித் தண்ணீர், வடித்த சொதி, மறுபடி கஞ்சித் தண்ணீர். கொன்ஸ்ரன்ரைனின் சட்டைக்குள் இன்னொருவர் புகுந்து நிற்கலாம் என்கிற அளவுக்கு மெலிந்துவிட்டான். கிளினிக்கில் டொக்டர், "அடுத்த முறை நிறை கூடேல்லையெண்டால் வார்ட்டில மறிச்சு, மூக்கால குழாய் போடுவம்" என்றார்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை. பல்லிடுக்கால் சொன்னான்: பப்பாசிப் பால். இளந்தாரிக் காலத்தில் மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூல் பாரில் குடித்ததாம். அது கிடைத்தால் குடிப்பானாம், வேறொன்றும் இறங்காதாம்.

"பழம் மரத்தில கிடக்கு. பாலைத் தம்பி கொண்டுவாறான். அடிக்கிறதுக்கு என்னத்தை வைச்சிருக்கிறீங்கள்? என்ர தலையையோ?" என்றாள் செலீனா.

மன்னார் நகரில், உப்புக்குளத்தில் உம்மு குல்சூமிடம் பிளென்டர் ஒன்று இருந்தது. இருவரும் முன்பு ஒரே தையல் கடையில் வேலை செய்தவர்கள். மூத்தவள் என்பதால் செலீனா அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். பஸ் இல்லாமல், பாதித் தூரம் நடந்து, பாதித் தூரம் யாரோ ஒருவரின் சைக்கிளில் தொங்கிப் போய்ச் சேர்ந்தாள்.

"எடுத்துக்கொண்டு போ புள்ள, அவசரமில்ல" என்றாள் உம்மு குல்சூம். "மூடியை மட்டும் அமத்திப் பிடி. விட்டியோ, முகடெல்லாம் பால்தான்."

செலீனா அந்தப் பிளென்டரைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வரவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது.

6

மறுநாள் முற்பகலில் மின்சாரம் வந்தது. செலீனா ஓடினாள். பப்பாசியைச் சீவி, விதை வழித்து, துண்டாக்கிப் போட்டாள். காய்ச்சி ஆற்றிய பால். கைப்பிடி சீனி. மூடியை அமத்தினாள். அமத்தியும் முகட்டில் பால்.

வாசலில், வெறும் போத்தலுக்கு வந்த சிங்கராசா. பிளென்டர் சத்தத்தைக் கேட்டு என்னவோ ஏதோ என்று உள்ளேயே வந்துவிட்டான். செலீனா அவனைக் கதிரையில் இருத்தினாள். செம்மஞ்சள் நிறத்தில், நுரைத்துக்கொண்டு, கிளாஸ் நிறையப் பால் கொன்ஸ்ரன்ரைனுக்கு முன்னால் வந்தது.

அவன் குடிக்கவில்லை. குடித்தால் கடைவாயால் ஒழுகும். மச்சானுக்கு முன்னால் ஒழுகவிட அவனுக்கு மனமில்லை. மச்சானுக்கோ எழும்பிப் போகத் தெரியவில்லை. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இடையில் கிளாஸ் இருந்தது. "குடியுங்கோ" என்றாள் செலீனா. "ம்" என்றான். அவள் முகட்டைத் துடைக்கப் போனாள்.

[இதழ்க்காரருக்கு நான் கடைசியில் கொடுத்த குறிப்பு இதுதான்: பப்பாசியையும் பாலையும் அடித்தால் உடனே குடித்துவிட வேண்டும். சுணங்கினால் கைக்கும். பாலில் குற்றமில்லை, பழத்தில் இருக்கும் ஏதோ ஒன்றின் வேலை அது. எழுதுவதற்காக என் வீட்டிலும் செய்து, வைத்திருந்து குடித்துப் பார்த்தேன். வாயைக் கழுவியும் போகவில்லை.]

செலீனா அரைமணி கழித்துத் திரும்பி வந்து, "நான் ஊத்திவிடட்டோ?" என்று கேட்ட பிறகுதான் ஸ்ரோவை வாயில் வைத்தான். ஒரு இழுவை. முகம் கோணியது. துப்பவும் முடியாது. கம்பியிடுக்கால் மஞ்சளாக வழிந்து சட்டையில் விழுந்தது.

"கைக்குது," என்றான். பிறகு, பல்லுக்குள்ளால், ஆனால் தெளிவாக: "பால் பழுது."

சிங்கராசா கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தான். தலையைக் குனிந்தான். "ஓம் அக்கா. வெய்யிலுக்குள்ளால கொண்டு வந்தனான். என்னிலதான் பிழை."

என்னிலதான் பிழை. அந்தச் சொல்லைக் கேட்டதும் தனக்கு உச்சியில் ஏதோ வெடித்தது என்றாள் செலீனா. அதே பாலில்தான் காலையில் அவள் தேத்தண்ணீர் போட்டுக் குடித்திருந்தாள்.

"பால் பழுதில்லை," என்றாள். "நீ கொண்டுவந்த பாலும் பழுதில்லை, நீ பிடிச்ச கயிறும் பழுதில்லை. இந்த மனிசனைக் கழுதை உதைச்சது. பின்வளவுக்குள்ள. கேள், இருக்கிறார்தானே, கேள்."

மின்விசிறி தன்பாட்டில் நின்றது. மின்சாரம் போய்விட்டிருந்தது.

சிங்கராசா அத்தானைப் பார்த்தான். அத்தான் கிளாஸைப் பார்த்தான். கேட்கத் தேவையிருக்கவில்லை. சிங்கராசா வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த நாள் பால் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

7

கதையை இங்கே முடிக்க மூன்று வழி பார்த்தேன்.

(அ) எல்லாரும் சிரிக்கிறார்கள். பெண்கள் பக்கத்துக்குப் பொருத்தம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

(ஆ) செலீனா பெட்டியைக் கட்டிக்கொண்டு— (எங்கே போவாள்? இது அவளுடைய சீதன வீடு.)

(இ) நடந்தது.

நடந்தது இதுதான். செலீனா புருசனுக்குக் கஞ்சித் தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "தம்பிக்கு நான் சொல்லிப்போட்டன். ஊருக்குச் சொல்லவேண்டியது நீங்கள்." அதற்குப் பிறகு பேசவில்லை. கொன்ஸ்ரன்ரைன் இரண்டு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெய்யிலுக்குள் கரையை நோக்கி நடந்தான். விழுந்துவிடுவானோ என்ற பயத்திலும், விழட்டும் என்ற கோபத்திலும் செலீனா பின்னால் போனாள்.

கரையிலிருந்த மீன்வாடியில் நாலைந்து பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். சிங்கராசா ஒரு ஓரமாக, தனியாக இருந்தான். கொன்ஸ்ரன்ரைன் நடுவில் போய் நின்றான். சிங்கராசாவைக் கையால் காட்டினான். தன் தாடையைக் காட்டினான். சொன்னான்.

ஒருவருக்கும் விளங்கவில்லை.

மறுபடி சொன்னான். (அவன் வாயிலிருந்து வந்தது 'அளுதை' என்று எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் யாரோ 'அழுகை' என்று திருத்திவிட்டார்கள். வாடியில் இருந்தவர்களும் அப்படித்தான் திருத்தினார்கள்.)

"அழுகிறானோ?" என்றார் அமிர்தநாயகம். அந்தக் கரையில் வள்ளத்துக்கு ஆள் சேர்ப்பவர் அவர்தான்.

கொன்ஸ்ரன்ரைன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். இந்த முறை விளங்கியது. கழுதை. கை சிங்கராசா பக்கம் நீண்டிருந்தது.

அமிர்தநாயகம் ஊசியைக் கீழே வைத்தார். "கொன்ஸ்ரன், காணும், நிப்பாட்டு. அவன் கயிறு விட்டான்தான். அதுக்காகப் பெண்சாதிக்கு முன்னால வைச்சுத் தம்பிக்காரனைக் கழுதையெண்டு பேசுறதோ? போ வீட்டை."

செலீனா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. "கம்பி அவருக்குத்தானே கட்டியிருக்கு, எனக்கில்லையே. ஏன் சொல்லேல்லையெண்டு நீர் கேக்கப்போறீர். அது அவற்ற வேலை" என்றாள் என்னிடம்.

கொன்ஸ்ரன்ரைன் குனிந்து இரண்டு கையையும் மணலில் ஊன்றி, வெள்ளைச் சட்டையோடு, ஊர் பார்க்க, ஒரு காலைத் தூக்கிப் பின்னால் உதைத்தான். எழும்பித் தன் தாடையைத் தொட்டுக் காட்டினான். சிங்கராசாவைக் காட்டி இல்லை, இல்லை என்று கையை ஆட்டினான். மறுபடி குனிந்து உதைத்தான்.

முதலில் அமிர்தநாயகத்துக்கு விளங்கியது. சிரிப்பு ஒவ்வொருவராகப் பிடித்தது. ஒருவர் வலைக்குமேல் சரிந்தே விட்டார். கொன்ஸ்ரன்ரைன் கையிலும் முழங்காலிலும் மணலோடு நடுவில் நின்று அவ்வளவையும் வாங்கிக்கொண்டான். சிரிக்காதவன் சிங்கராசா ஒருவன்தான்.

"சிங்கராசா," என்றார் அமிர்தநாயகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எண்ணெய் வந்தால் வெள்ளிக்கிழமை வா."

8

அன்று பின்னேரம் சிங்கராசா வந்தான். கையில் போத்தல் இல்லை. மின்சாரம் இருந்தது. செலீனா அயலில் கொஞ்சம் பால் கேட்டு வாங்கி, மாம்பழம் அடித்திருந்தாள். நார் ஸ்ரோவில் அடைக்க, துணியில் வடித்து, மறுபடி அடைக்க, மறுபடி வடித்து, போதுமடா என்று ஆகியிருந்தது அவளுக்கு. இரண்டு கிளாஸ். ஒன்றைக் கொன்ஸ்ரன்ரைன் தானே தூக்கி மச்சானுக்கு முன்னால் வைத்தான்.

சிங்கராசா அவனைப் பார்க்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றான்.

"முதல் நாளே," என்றாள் செலீனா.

அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டாள். பிளென்டரைக் கழுவினாள். கழுவிய பிளென்டரை மறுபடி கழுவினாள். வெளியே வந்தபோது தம்பி போய்விட்டிருந்தான். இரண்டு கிளாஸும் வெறுமையாக இருந்தன. கொன்ஸ்ரன்ரைன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப, தம்பி குடிச்சவனோ?" என்று கேட்டேன்.

"இவர் பசியில கிடந்த மனிசன். ரெண்டையும் குடிக்கக்கூடியவர்."

"கேக்கலாமே."

"ஆரிட்ட?" என்றாள். சோறு அடிப்பிடிக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிங்கராசா ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போகிறான். மற்றதில் தொடாமல் எழும்பிப் போகிறான். இரண்டும் நம்பும்படியாகவே வந்திருக்கின்றன, அதுதான் எரிச்சல். உங்களுக்கு அக்கா இருந்தால், அல்லது தம்பி இருந்தால், என்னைவிட நீங்கள் சரியாகச் சொல்லுவீர்கள். சொல்லுங்கள்.